பச்சைப் பொத்தான்

மார்ச் 3

மாண்புமிகு ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை அப்பாவின் அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, தபாலில் போடுகிறேன். எதற்கு இத்தனை சுற்று என்று கேட்பாய். கையால் எழுதினால் எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளப்பாய். செல்பேசியில் அனுப்பினால் எந்த எழுத்துக்கு முன்னால் எவ்வளவு தயங்கினேன் என்று கணக்கெடுப்பாய். பேசினாலோ என் மூச்சைக்கூட எண்ணுவாய். அச்சடித்த காகிதத்துக்கு நரம்பு கிடையாது. முடிந்தால் அளந்துகொள்.

நீ கூப்பிடும்போதெல்லாம் நான் எடுக்காததற்கும் அதுதான் காரணம். உன்னோடு பேசுவதில்லை என்றுதான் முடிவு செய்திருக்கிறேன். திட்டுவதில்லை என்று முடிவு செய்யவில்லை.

நேற்று மதிய இடைவேளையில் என் பெஞ்சுக்காரன் செல்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினான்.

"டேய் தடால், இது நீதானே?"

பள்ளியில் எனக்குத் தடால் என்று பெயர் வந்த கதை உனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு படிக்கட்டு, ஒரு வாசற்படி, ஒரு தண்ணீர்க் குழாய் என்று எங்கேயாவது விழுந்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பவன் நான். பட்டம் சூட்டிய விழாவே உணவுக்கூடத்துத் தரையில்தான் நடந்தது.

செல்பேசியில் ஒரு மேடை தெரிந்தது. மேடையில் நீ. உனக்குப் பின்னால் பெரிய திரை. திரையில் ஒரு பையன் காகிதக் கோப்பைகளை அடுக்கிய தட்டோடு நடக்கிறான். முட்டியிலும் தோளிலும் அசைவை அளக்க ஒட்டிய, பளபளக்கும் சின்ன உருண்டைகள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாய் ஒரு கலங்கல். கால் இடறுகிறது. தட்டு ஒரு திசை, கோப்பைகள் எல்லாத் திசை, அவன் மெத்தையின் திசை. கொஞ்சம் பொறுத்து ஒரு குரல்: "தரை ரொம்ப நேரமா கூப்பிட்டுச்சு. மரியாதைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தேன்."

முகத்தை மறைத்தாயே மகராசி, வாயை மறைத்தாயா? அந்த வசனம் எங்கள் பள்ளிக் காவலாளிக்கே மனப்பாடம்.

அரங்கம் சிரித்தது. சிரிக்கட்டும், அதற்குத்தான் சொன்னேன். ஆனால் நீ கையைத் தூக்கினாய்.

"சிரிக்காதீங்க. இது நடிப்பில்ல. விழுந்ததுக்கும் அந்த ஜோக்குக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாருங்க. அப்பதான் அவனுக்கே தான் விழுந்தது உறைக்குது. அப்புறம்தான் சமாளிக்கிறான்."

சொல்லிவிட்டு அதையே மெதுவாக ஓட்டிக் காட்டினாய். அரங்கம் அமைதியாகிவிட்டது. எங்கள் பெஞ்சும் அமைதியாகிவிட்டது. பெஞ்சுக்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் நோட்டைக் கடன் வாங்கி நான் கிழித்தபோதுகூட அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

விடுமுறையில் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது என்ன சொன்னாய்? "கேமரா கம்ப்யூட்டருக்குத்தான்டா. உன் முட்டியையும் கணுக்காலையும்தான் அது பாக்கும். மனுஷங்க யாரும் பாக்கமாட்டாங்க." அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன, மேசை நாற்காலியா?

அதை எடுக்கச் சொல். இன்றே.

இப்படிக்கு,
முகமில்லாத பையன்


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் செய்தி: படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். அதை ஏற்றியது நானில்லை. அந்த உரை ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். எங்கள் நிறுவனத்தின் செய்திப் பிரிவு அதைப் பொதுவில் போட்டுவிட்டது. எடுக்க ஓரிரு நாள் ஆகும் என்கிறார்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். நாம் ஒரு காலை எடுத்து வைப்பதற்கு முன்பே, அது எங்கே போய் ஊன்றும் என்று மூளை ஊகித்துவிடுகிறது. ஊகமும் நடந்ததும் பொருந்துகிறதா என்று சிறுமூளை ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிறது. சிலருக்கு அந்தத் திருத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறது. அவர்கள் இடறுகிறார்கள், கொட்டுகிறார்கள், விழுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை அலட்சியம் என்பார்கள், நாலு பேர் பார்க்கவேண்டும் என்று செய்கிறான் என்பார்கள். அதற்காக அடி வாங்குகிற குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று விழுவதையும் தானாக விழுவதையும் உடலின் அசைவை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியுமா என்பதுதான் என் ஆய்வு. முடிந்தால் அந்த அடி நிற்கும்.

இது உன்னைச் சமாதானப்படுத்த எழுதியது இல்லை. உண்மை.

படத்தைக் காட்டுவதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "அவனுக்கு நல்லதுன்னா காட்டேன்" என்றாள். உன்னிடமும் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மறுத்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை என்று எழுதிப் பார்க்கிறேன், எனக்கே படிக்க நன்றாக இல்லை.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. ஊர் முழுக்க விழுந்து காட்டுகிறவன் நீ. ஓர் அரங்கம் நிறைய மனிதர்கள் உன்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள். அதில் கொஞ்சம் பெருமைப்படுவாய் என்றுகூட நினைத்திருந்தேன்.

போனை எடு. குரலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

அக்கா


மார்ச் 12

உன் கடிதம் வந்தது. படிக்கவில்லை. குறிப்பாக "பெருமை" என்ற சொல்லைப் படிக்கவே இல்லை. படித்திருந்தால் கிழித்திருப்பேன். கிழித்ததை ஒட்டிக்கொண்டிருப்பதால் பதில் தாமதமாகும்.


மார்ச் 16

அக்கா,

(பட்டம் பறிக்கப்பட்டது. மாண்பும் இல்லை, மிகவும் இல்லை.)

சிறுமூளை என்று எழுதியிருந்தாய். இதை எங்கள் கணக்கு ஆசிரியர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். "உனக்கு இருக்கிறதே சிறு மூளைதான்டா" என்று வகுப்புக்கு முன்னால் அறிவித்தார். அவருக்கு யாரும் மேடை போட்டுக் கொடுக்கவில்லை, பாவம்.

நான் ஊர் முழுக்க விழுந்து காட்டுகிறவன் என்கிறாய். சரி. காட்டுகிறவன் நான். காட்டிக்கொடுத்தவள் நீ. இரண்டும் ஒன்றில்லை என்பது உன் இயந்திரத்துக்குத் தெரியாமலிருக்கலாம், உனக்குமா தெரியாது?

படத்தை எடுத்துவிட்டார்கள், பார்த்தேன். இங்கே அதற்குள் எல்லாரும் பார்த்தாயிற்று. என்ன நடக்கிறது தெரியுமா? யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்தால் எனக்கு வேலை சுலபம், திருப்பிக் கொடுப்பேன். எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள்! படிக்கட்டில் இறங்கினால் பெஞ்சுக்காரன் என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான். உணவுக்கூடத்தில் என் தட்டை யாரோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விளையாட்டு ஆசிரியர் எல்லாருக்கும் பந்தை எறிகிறார், எனக்கு மட்டும் கைக்குழந்தைக்கு உருட்டுவது போல உருட்டிவிடுகிறார். நேற்று நடைவழியில் விழுந்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் ஓடிவந்து தூக்கினார்கள். என் வசனத்தைச் சொன்னேன். "பரவாயில்லடா, பேசாத, மெதுவா எழுந்திரு" என்றான் ஒருவன். விபத்தில் அடிபட்டவனிடம் பேசுவது போல.

இதையாவது தாங்கிக்கொள்வேன். பள்ளி நாடகத்தில் எனக்கு ஒரு வேடம் இருந்தது, உனக்குச் சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உணவு விடுதிப் பணியாள். மேடைக்கு வரும்போதெல்லாம் ஒரு தட்டு உடையும். எனக்காகவே எழுதியது. வியாழக்கிழமை நாடக ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த வேஷத்த வேற பையனுக்குக் குடுத்துட்டேன்பா."

"ஏன் மிஸ்? நான் சரியா விழலையா?"

"நல்லாதான் விழுந்த. அதான்... எங்களுக்குத் தெரியாமப் போச்சு. இத்தன நாளா நாங்கல்லாம் சிரிச்சிட்டிருந்திருக்கோம்."

"சிரிக்கத்தான மிஸ் விழுந்தேன்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. "நீ திரை இழுக்கிறியா? உக்காந்துகிட்டே இழுக்கலாம்" என்றார்.

உட்கார்ந்துகொண்டே இழுக்கலாமாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை போட்டேன்.

"படத்தக் காட்ட நீ சரின்னு சொன்னியாமே?"

"உங்கக்கா படிச்சவ. தப்பா செய்வாளா?"

"அப்ப நான் படிக்காதவனா?"

"நீ எங்கடா படிச்ச?" என்றாள். குக்கர் விசில் அடித்தது. அதுவும் அவள் கட்சி.

இனி என் முறை. நீ தரவு தரவு என்று கேட்டாய், தந்தேன். தந்தவனுக்கு நீ ஒன்றும் தரவில்லை. அதனால் ஒரு நல்ல செய்தி தருகிறேன். உன் கூடத்தில் ஒவ்வொரு முறை விழுந்ததும் ஒரு பொத்தான் அழுத்தச் சொன்னாய் இல்லையா? வேண்டுமென்று விழுந்தால் பச்சை, தானாக விழுந்தால் சிவப்பு. நான் மாற்றி மாற்றி அழுத்தினேன். நடிப்புக்குச் சிவப்பு, நிஜத்துக்குப் பச்சை, சில சமயம் எந்த விரல் பக்கத்தில் இருந்ததோ அது. உன் ஆய்வு முழுக்க என் குறும்பு. மேடையில் நீ உருகி உருகிக் காட்டினாயே, அதுவே நடிப்பாக இருக்கலாம். இருக்கலாம் என்ன, நடிப்புதான்!

போய் உன் பேராசிரியரிடம் சொல். துறைத் தலைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
திரை இழுப்பவன்


மார்ச் 22

தம்பி,

உன் வேடம் போனது எனக்குத் தெரியாது. அதற்கு நான் என்ன எழுதினாலும் சின்னதாகத்தான் இருக்கும். அதனால் எழுதவில்லை.

பொத்தானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீ சொன்னதால் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்லக்கூடாது என்று இப்போதாவது தோன்றுகிறது. நீ மாற்றி மாற்றி அழுத்தவில்லை. எல்லா முறையும் பச்சைதான் அழுத்தியிருக்கிறாய். ஒருமுறைகூடச் சிவப்பு இல்லை. மோவாயில் அடிபட்டு ரத்தம் வந்ததே, பஞ்சு வைத்து ஒட்டினோமே, அன்றும் மெத்தையிலிருந்து எழுந்து போய்ப் பச்சையைத்தான் அழுத்தினாய்.

பொத்தானை நம்பி நான் எதையும் பிரிக்கவில்லை. வேண்டுமென்று விழுகிறவனின் உடல் அதற்கு முன்பே தயாராகிவிடுகிறது. முட்டி முதலில் தளரும், எடை ஒரு பக்கமாக நகரும், தரையைத் தொட வேண்டிய கை தட்டை விட்டு முன்கூட்டியே விரியும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். தானாக விழும்போது இதில் எதுவும் இருக்காது. உன்னிடம் இரண்டும் இருக்கின்றன, அவ்வளவு தெளிவாக. பொத்தான் வேறு ஒன்றுக்காக. ஒருவர் தான் தானாக விழுந்ததை ஒப்புக்கொள்கிறாரா, மறைக்கிறாரா என்று பார்க்க. அதை முன்னால் சொல்லிவிட்டால் பார்க்க முடியாது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

அந்த உரையின் கடைசியில் இதையும் சொன்னேன். "இவன் ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளவில்லை" என்று. நீ அந்தப் பகுதி வரை பார்த்தாயா என்று தெரியவில்லை. வேறு யார் மூலமாவது தெரிவதைவிட நானே சொல்வது மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வுக்கு ஆள் கிடைக்காமல் உன்னைக் கூப்பிடவில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோதே நம் வீட்டு மாடிப்படியில் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இது நிஜம், இது விளையாட்டு என்று மனதுக்குள் பிரிப்பேன். என்னால் முடிந்தது. எப்படி முடிகிறது என்றுதான் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.

ஆய்வில் மற்றவர்களும் இருக்கிறார்கள். தானாக விழுகிறவர்களுக்கு நடிக்கத் தெரியாது. நடிகர்களைக் கூப்பிட்டேன், அவர்களுக்குத் தானாக விழத் தெரியாது. ஒரே உடலில் இரண்டும் இருப்பது நீ ஒருவன்தான். நீ இல்லையென்றால் என் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் இல்லை. அது இல்லாமல் இந்த ஆண்டு பட்டம் இல்லை.

படம் வேண்டாம், குரல் வேண்டாம், எண்களை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா? விலகிக்கொள்ளும் உரிமை உனக்கு உண்டு. எடு என்று நீ சொன்னால் எடுத்துவிடுவேன். ஆனால் சொல்லாதேடா.

அக்கா


மார்ச் 28

அக்கா,

நீ எழுதியதைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. ஊரையே ஏமாற்றுகிறவன் நான். போலிப் பல்லியை நாற்காலியில் வைத்தவன், தலைமையாசிரியர் குரலில் அரைநாள் விடுமுறை அறிவித்தவன். என்னை நீ பொத்தானை வைத்து ஏமாற்றியிருக்கிறாய். குறும்புக்காரர்கள் சங்கத்தின் சார்பில் உனக்கு மாலை போடலாம்.

அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மாடிப்படியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாயாமே. நீ என் பக்கம் நிற்கிறாய் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் அலுவலக விருந்து ஞாபகம் இருக்கிறதா? நான் ஐஸ்கிரீம் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய மேலாளர் காலடியில் விழுந்தேன். எல்லாரும் உறைந்துபோனார்கள். அப்பாவின் முகம் அந்த ஐஸ்கிரீமைவிட வெளுத்துப்போனது. நீதான் கொல்லென்று சிரித்தாய். "இவன் வேணும்னே பண்றான் அங்கிள், வீட்லயும் இதே கூத்துதான்" என்றாய். உடனே கூடம் முழுக்கச் சிரித்தது. மேலாளர் கைதட்டினார். அன்றைக்குத்தான் நான் கோமாளி ஆனேன். அதற்கு முன்னால் வெறுமனே விழுகிற பையன்.

அதற்குப் பிறகு எங்கே விழுந்தாலும் நீ முதலில் சிரிப்பாய். நீ சிரித்தால் எல்லாரும் சிரிப்பார்கள். நாம் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பேச வேண்டியதே இல்லை என்று நினைத்தேன்.

இப்போது கேள். மேடையில் காட்டினாயே ஓர் இடைவெளி, விழுந்ததுக்கும் ஜோக்குக்கும் நடுவில். அப்போதுதான் அவனுக்கே உறைக்கிறது, அப்புறம் சமாளிக்கிறான் என்று விளக்கினாயே. தப்பு அக்கா. விழுந்தது விழும்போதே தெரியும். ஜோக் எப்போதும் தயாராக இருக்கும். அந்த நேரத்தில் நான் உன்னைத் தேடுகிறேன். நீ சிரிக்கிறாயா என்று பார்க்கிறேன். வேண்டுமென்று விழும்போது தேட வேண்டியதில்லை, அதனால் இடைவெளி இல்லை. அவ்வளவுதான் உன் கண்டுபிடிப்பு.

நம்பாவிட்டால் முகத்தை மறைக்காத படம் உன்னிடம் இருக்குமே, அதைப் போட்டுப் பார். எல்லாரும் என் முட்டியைப் பார்த்தீர்கள். என் கண் எங்கே போகிறது என்று பார்.

பொதுவில் நான் விழுந்து நீ சிரிக்காத முதல் இடம் அந்த மேடைதான். நீ சிரிக்காதது மட்டுமா, சிரித்தவர்களையும் நிறுத்தினாய்.

சொல்லாதே என்று கேட்டாய். சொல்கிறேன். எடு. படம், குரல், எண், பொத்தான், எல்லாவற்றையும் எடு. உன் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து நான் இறங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குக் கீழே போட ஒரு கிண்டல் பெயரும் தோன்றவில்லை.


ஏப்ரல் 8

தம்பிக்கு,

எடுத்துவிட்டேன்.

எடுப்பதற்கு முன்னால் நீ சொன்னபடி மறைக்காத படத்தைப் பார்த்தேன். இத்தனை மாதங்களில் பதிவுகளில் ஒருமுறைகூட உன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உருண்டைகளைத்தான் பார்த்திருக்கிறேன். நீ விழுகிறாய். தலையைத் தூக்குகிறாய். கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கும் கண்ணாடிச் சுவரைப் பார்க்கிறாய். கண்ணாடிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். கணினித் திரையில் உன் அசைவின் கோடு வளைவதைப் பார்த்துக்கொண்டு, குனிந்த தலையோடு. நீ கொஞ்சம் காத்திருக்கிறாய். பிறகு யாரும் இல்லாத கூடத்தைப் பார்த்து ஜோக்கைச் சொல்கிறாய்.

தானாக விழுந்த ஒவ்வொன்றிலும் இதேதான். ஒன்றுகூட விடுபடவில்லை.

என் விளக்கம் தப்பு. நீ விலகாவிட்டாலும் அந்த அத்தியாயம் நின்றிருக்காது. அளக்கிறவளைத் தேடுகிற ஒருவனை அளந்துவிட்டு, அது அவனுடைய மூளையின் வேகம் என்று எழுதியிருக்கிறேன். பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். "கண்ணைப் பத்திச் சொல்லாம விட்டுடலாமே, மத்ததெல்லாம் சரியாதான இருக்கு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னை இந்த ஆண்டே முடிக்கவைக்கப் பார்க்கிறார். நான் முடியாது என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

உன் எண்களை நீக்கியதும் வரைபடத்தில் நடுவில் பெரிய வெற்றிடம். ஒரு பக்கம் நடிகர்கள், ஒரு பக்கம் நோயாளிகள். அவர்களை இணைக்க ஆளில்லை. பட்டம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போய்விட்டது. அறையைக் காலி செய்யவேண்டும், உதவித்தொகை நின்றுவிடும். இதையெல்லாம் எழுதாமல் விட்டால் பெரிய மனசு என்று இருக்கும். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. உன்மேல் கோபமும் இருக்கிறது. அதற்கு எனக்கு உரிமை இல்லை என்றும் தெரிகிறது.

மேடையில் ஏன் சிரிப்பை நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் நிஜம். நான் சிரிக்கும்போது உன்னோடு சேர்ந்து சிரிக்கிறேன், அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பட்டது. அந்த வித்தியாசத்தை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே முடிவுசெய்தேன்.

மே மாதம் வீட்டுக்கு வருகிறேன். வரலாமா?

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

வீட்டுக்கு வருவதற்கு என்னை ஏன் கேட்கிறாய்? வீடு அப்பா பெயரில் இருக்கிறது.

உன் ஒரு வருடம் போனதற்கு எனக்கு வருத்தம்தான். கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை, அம்மாவைக் கேட்டுப் பார். ஆனால் எடு என்று சொன்னதற்கு வருத்தம் இல்லை. இரண்டும் ஒரே வயிற்றில் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. நீ அதை ஆராய வேண்டாம்.

நாடகம் நேற்று நடந்தது. திரை இழுத்தேன். நின்றுகொண்டே இழுத்தேன். பணியாளாக நடித்த பையன் நன்றாகத்தான் செய்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான், விழுந்தான், கூடம் அதிர்ந்தது. நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டி முதலில் தளர்ந்தது. எடை நகர்ந்தது. தட்டை விட்டுக் கை முன்கூட்டியே விரிந்தது. கண்ணுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். தெரிகிறது அக்கா. உன் கடிதத்தைப் படித்தபிறகு எனக்கு அது மட்டும்தான் தெரிகிறது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து என் அறைக் கதவைச் சாத்தினேன். தலையணைகளைத் தரையில் போட்டேன். சும்மா ஒரு விழு விழலாம் என்று நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது, அதைச் செய்ய நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நேற்று யோசித்தேன். முட்டி முதலிலா, கை முதலிலா? தோள் எப்போது திரும்பும்? யோசித்ததும் உடம்பு நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன். நடுவில் நின்றேன், ஒரு கால் தூக்கியபடி, கொக்கு மாதிரி. கீழே தலையணை தயாராக இருக்கிறது, மேலே நான் தயாராக இல்லை. என்ன செய்தும் விழ முடியவில்லை. நீ இருந்திருந்தால் இதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பாய், தெரிந்துகொண்டதால் செய்ய முடியாமல் போவது என்று ஏதாவது.

காலையில் பல் தேய்க்கப் போகும்போது வாசற்படியில் இடறி விழுந்தேன். அதெல்லாம் எப்போதும் போல வருகிறது. அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னிடம் இரண்டு இருந்தது என்று எழுதியிருந்தாய். ஒரே உடலில் இரண்டும் இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்று. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. எண்களையெல்லாம் அழித்தாய், சரி. எனக்குச் சொல்லிக் கொடுத்ததை எப்படி அழிப்பாய்? நீ பார்த்ததை எப்படிப் பார்க்காமலிருப்பாய்?

மே மாதம் வா. மாலையில் வா, நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீ உள்ளே வரும்போது எழுந்து வரமாட்டேன். பெட்டியை வாங்க வரமாட்டேன். தண்ணீர் கொண்டுவந்து தரமாட்டேன். நடந்தால் உன் கண் என் முட்டிக்குத்தான் போகும். "அக்கா வந்திருக்கா, எழுந்திருக்கக்கூட மாட்டானா, என்ன பிள்ளை இவன்" என்று அம்மா திட்டுவாள். அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு என்னை முறைப்பார். அவர்களுக்குக் காரணம் தெரியாது.

உனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி